மெனுவில் "லிப்ரெஓபிஸ்…" ஐந்து தடவை வருகிறது: எது ரைட்டர், எது கால்க்?

மஞ்சக்குப்பம் மையம் | 3 பிப்ரவரி 2025, காலை 10.12

எட்டு கணினி. எல்லாவற்றிலும் லினக்ஸ் மின்ட் இயங்குதளம், எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழல், இடைமுகம் தமிழ், திரை 1366 × 768. பின்னால் படிவம் தெரிய வேண்டும் என்பதற்காக மெனுவை ஒடுக்கமாக வைத்திருக்கிறேன். அலுவலகப் பிரிவைத் திறந்தால் "லிப்ரெஓபிஸ்…" என்று ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து. கடிதம் அடிக்கிற ரைட்டரும் கணக்குப் போடுகிற கால்க்கும் அதற்குள்தான். விண்ணப்பம் அடிக்க வருகிறவர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிறார்கள். தமிழ் எழுத்து அகலம் ஜாஸ்தி, அதனால்தான் வெட்டுப்படுகிறது என்பது என் கணிப்பு. எழுத்தளவை 10லிருந்து 8 ஆக்கிவிடப் போகிறேன். ஆட்சேபணை உண்டா?

முத்தியால்பேட்டை | 3 பிப்ரவரி, காலை 11.40

உண்டு. இரண்டு இடத்தில்.

ஒன்று: வெட்டுப்படுகிற ஐந்தும் தமிழ் எழுத்திலா இருக்கின்றன? மறுபடி பாருங்கள். லிப்ரெஓபிஸ் தமிழ் இடைமுகத்திலும் ஆங்கில எழுத்தில்தான் வரும். பதினோரு எழுத்து, ஒரு இடைவெளி, அதற்கப்புறம்தான் ரைட்டரா கால்க்கா என்பதே. ஆளை அடையாளம் காட்டுகிற சொல் பதின்மூன்றாவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கத்தரி பன்னிரண்டில் விழுகிறது. தமிழ்மேல் பழி போடாதீர்கள். அதே மெனுவில் "ஆவணக் காட்டி" வெட்டுப்பட்டால் "ஆவண…" என்று நிற்கும், "படக் காட்டி" "படக்…" என்று நிற்கும். இரண்டும் புரியும்.

இரண்டு: 8 பாயிண்ட் வேண்டாம். 96 டிபிஐ (அங்குலத்துக்கு 96 புள்ளி) திரையில் அது 8 × 96 ÷ 72, அதாவது 10.67 பிக்சல். அதற்குள் மேலே புள்ளியும் ஈகாரச் சுழியும், கீழே உகர வாலும் அடங்க வேண்டும். நடு உடம்புக்கு ஐந்தோ ஆறோ பிக்சல்தான் மிஞ்சும். ன-வுக்கு இரண்டு சுழி, ண-வுக்கு மூன்று. கோடு ஒரு பிக்சல், இடைவெளி ஒரு பிக்சல் என்று வைத்தாலே ண-வுக்கு இடம் போதாது, சுழி அடைத்துக்கொண்டு கரும்பொட்டாகிவிடும். புள்ளி ஒரே ஒரு சாம்பல் பிக்சலாகக் கரையும். "அஞ்சல்" என்பது "அஞசல" என்று தெரியும். எழுத்தை முழுக்கக் காட்டிவிட்டு வாசிக்க முடியாமல் செய்வதில் என்ன லாபம்?

தமிழ் மெனுவுக்கு என் கீழ்வரம்பு 11 பாயிண்ட்.

மஞ்சக்குப்பம் மையம் | 3 பிப்ரவரி, மதியம் 12.05

ஆமாம் சார், ஐந்தும் ஆங்கில எழுத்துதான். கவனிக்கவில்லை.

நெல்லிக்குப்பம் | 3 பிப்ரவரி, மாலை 6.30

இவ்வளவு எதற்கு? எக்ஸ்எஃப்சிஇ-யில் நீங்கள் திறக்கிற விஸ்கர் மெனுவின் பண்புகளில் "பொதுப்பெயர்களைக் காட்டு" என்று ஒரு பெட்டி இருக்கிறது. டிக் போட்டால் ரைட்டர் "சொற்செயலி" ஆகிவிடும், கால்க் "விரிதாள்" ஆகிவிடும். ஒரு நிமிட வேலை.

மெனுவின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாலே அகலமாகும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். யாரும் அதை முதலில் செய்வதில்லை.

மஞ்சக்குப்பம் மையம் | 4 பிப்ரவரி, காலை 9.50

டிக் போட்டேன். அலுவலகப் பிரிவு சுத்தமாகிவிட்டது. இணையப் பிரிவில் இப்போது "இணைய உலாவி", "இணைய உலாவி" என்று இரண்டு. ஒன்று பயர்பாக்ஸ், ஒன்று குரோமியம். படம் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முத்தியால்பேட்டை | 4 பிப்ரவரி, காலை 10.35

அந்தப் பெட்டியின் பிரச்சினையே அதுதான். ஒரு வேலைக்கு ஒரே நிரல் இருக்கும்வரை பொதுப்பெயர் அழகு. இரண்டாவது வந்ததும் இரட்டைப் பிள்ளைகள். நோம் என்ற திரைச்சூழல் 2012-ல் 3.6 பதிப்பில் தன் கோப்பு மேலாளரான நாட்டிலஸை வெறும் "கோப்புகள்" ஆக்கியது. 2016-ல் மின்ட் 18 எக்ஸெட், எக்ஸ்ரீடர் என்று தன் நிரல்களைக் கொண்டுவந்தபோது மெனுவில் அந்தப் பெயர் இல்லை, "உரை திருத்தி", "ஆவணக் காட்டி" என்றுதான் வைத்தது. பழுது வந்து உதவி கேட்கிறவர் "ஆவணக் காட்டி திறக்கவில்லை" என்பார். எந்த ஆவணக் காட்டி என்று நாம் கேட்க வேண்டும்.

கேடிஇ என்ற இன்னொரு திரைச்சூழல் இதில் கொஞ்சம் விவரமானது. அதன் பயன்பாட்டு மெனுவில் பெயர் மட்டும், விவரம் மட்டும், பெயரோடு விவரம், விவரத்தோடு பெயர் என்று நான்கு வகை வைத்திருக்கிறது. கடைசி வகைதான் நமக்கு வேண்டியது: வேலை முன்னால், நிரலின் பெயர் பின்னால். எக்ஸ்எஃப்சிஇ-யில் அந்த வசதி இல்லை, கையால் செய்ய வேண்டும்.

செய்முறை. சாவிச்சொற்களை இங்கே ஒலிபெயர்த்து எழுதுகிறேன், கோப்பில் ஆங்கில எழுத்தில் இருக்கும்.

ஒவ்வொரு நிரலுக்கும் டெஸ்க்டாப் என்ற பின்னொட்டோடு ஒரு சிறு உரைக்கோப்பு உண்டு. யூஎஸ்ஆர், அதற்குள் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ் அடைவில் கிடக்கும். பிளாட்பேக் என்ற தனிப் பொதி முறையில் போட்ட நிரல் என்றால் அங்கே தேடாதீர்கள், வார் அடைவுக்குள் லிப், பிளாட்பேக், எக்ஸ்போர்ட்ஸ் என்று போக வேண்டும். லிப்ரெஓபிஸ் ரைட்டரின் கோப்பை உங்கள் இல்ல அடைவில் இருக்கும் புள்ளி-லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸுக்கு நகலெடுங்கள். கோப்பின் பெயரை மாற்றவே மாற்றாதீர்கள். அந்தப் பெயர்தான் அதன் அடையாள எண் மாதிரி. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் உங்கள் அடைவில் இருப்பது ஜெயிக்கும். பெயரை மாற்றினால் பழையதும் புதியதுமாக மெனுவில் இரண்டு வரும், கீழ்ப்பட்டையில் பதித்து வைத்ததும் பழையதையே காட்டும்.

பொதுப்பெயர்ப் பெட்டியின் டிக்கை எடுத்துவிட்டு, நகலைத் திறந்து இந்த வரி (டிஏ என்பது தமிழின் மொழிக்குறி):

நேம்[டிஏ]=கடிதம், படிவம் – ரைட்டர்

கால்க்குக்கு "கணக்கு அட்டவணை – கால்க்". இம்ப்ரெஸுக்கு "படவில்லை – இம்ப்ரெஸ்". சேமித்துவிட்டு மெனுவைத் திறந்தால் வந்துவிடும். வராவிட்டால் வெளியேறி உள்ளே வாருங்கள்.

வெறும் நேம் வரியை மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று வராதீர்கள். தமிழ் அமர்வில் தேடும் வரிசை இது: முதலில் டிஏ-ஐஎன் (இந்தியத் தமிழ்), பிறகு டிஏ, இரண்டும் இல்லாவிட்டால்தான் வெறும் நேம்.

நெல்லிக்குப்பம் | 4 பிப்ரவரி, மதியம் 1.15

"கடிதம், படிவம்" என்று வைக்கிறதா? சொற்செயலி என்ற சொல் எதற்கு இருக்கிறது?

முத்தியால்பேட்டை | 4 பிப்ரவரி, மதியம் 1.40

சொற்செயலி அகராதிக்கு. இதில் இன்னொரு சிக்கல், "செயலி" என்றால் சிலருக்கு கைப்பேசியில் இறக்குகிற ஆப், சிலருக்கு கணினிக்குள் சூடாகிற சில்லு. மையத்துக்கு வருகிறவர் எதை நினைத்துக்கொண்டு வருகிறாரோ அந்தச் சொல் முன்னால் வர வேண்டும். அவர் சொற்செயலியைத் தேடி வரவில்லை, மனு அடிக்க வருகிறார்.

"மனு" என்றே வைக்கலாம். இரண்டே எழுத்து.

மஞ்சக்குப்பம் மையம் | 5 பிப்ரவரி, காலை 11.20

லிப்ரெஓபிஸ் ஐந்தும் சரியாகிவிட்டது. பயர்பாக்ஸில் மாட்டிக்கொண்டேன். எட்டு கணினிக்கும் சேர்த்து, நேம் என்று தொடங்கும் வரியையெல்லாம் மாற்றும்படி ஒரு கட்டளை எழுதி ஓட்டினேன். இப்போது மெனுவில் பெயர் சரி. ஐகானை வலச்சொடுக்கினால் "புதிய சாளரம்", "புதிய அந்தரங்கச் சாளரம்" இருந்த இடத்தில் "இணையம் – பயர்பாக்ஸ்" வரிசையாக நிற்கிறது.

முத்தியால்பேட்டை | 5 பிப்ரவரி, காலை 11.45

நேம் ஒரே ஒரு தடவை வரும் என்று நினைத்துவிட்டீர்கள். கோப்பின் தலையில் சதுர அடைப்புக்குள் டெஸ்க்டாப் என்ட்ரி என்று ஒரு பகுதி. கீழே டெஸ்க்டாப் ஆக்ஷன் என்று தொடங்கும் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனி நேம். கட்டளை எல்லாவற்றையும் மேய்ந்துவிட்டது. மூலக்கோப்பிலிருந்து புதிதாக நகலெடுத்து, முதல் பகுதியில் மட்டும் கை வையுங்கள். முடிந்ததும் டெஸ்க்டாப்-ஃபைல்-வாலிடேட் என்ற கட்டளைக்குக் கோப்பைக் கொடுங்கள். இலக்கணப் பிழை இருந்தால் வரியைச் சொல்லும். இந்த மாதிரி பொருட்பிழையை அது பிடிக்காது.

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். எட்டு கணினி, அதுவும் வருகிறவர்களுக்கு விருந்தினர் அமர்வு என்றால் இல்ல அடைவில் வைப்பது வீண். விருந்தினர் வெளியேறியதும் அந்த அடைவே துடைக்கப்படும். நகலை யூஎஸ்ஆர், லோக்கல், ஷேர், அப்ளிகேஷன்ஸில் வையுங்கள். இல்லாவிட்டால் உருவாக்குங்கள். வழக்கமான அமைப்பில் யூஎஸ்ஆர்-ஷேருக்கு முன்னால் அதைத்தான் பார்க்கும், எல்லாப் பயனருக்கும் பொருந்தும், நிரல் புதுப்பிக்கும்போதும் அழியாது. மூலக்கோப்பிலேயே கை வைத்தால் அடுத்த புதுப்பித்தலில் போய்விடும்.

புதுப்பித்தலில் எக்ஸெக் வரி, அதாவது நிரலைத் திறக்கிற கட்டளை, மாறினால் உங்கள் நகல் பழைய கட்டளையையே பிடித்துக்கொண்டிருக்கும் என்பதும் உண்மை. ஒருநாள் சொடுக்கினால் ஒன்றும் திறக்காவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்.

லாஸ்பேட்டை | 5 பிப்ரவரி, இரவு 9.10

நோம் பயன்படுத்துகிறவர்களுக்கு: தமிழ்ப்பெயர் வைத்த பிறகு தேடலில் அகப்படவில்லை என்று புலம்பல் வரும். நோம் தேடுவது சொல்லின் தொடக்கத்தை. "உரைதிருத்தி" என்று ஒட்டி எழுதினால் "திருத்தி" என்று தேடுகிறவருக்குக் கிடைக்காது. "உரை திருத்தி" என்று இடைவெளி விட்டால் கிடைக்கும். புணர்ச்சி விதிப்படி சேர்த்துத்தான் எழுதுவேன் என்கிறவர்கள் அதே டெஸ்க்டாப் கோப்பில் தேடல் சொற்களுக்கான கீவேர்ட்ஸ் வரியில் பிரித்தும் போட வேண்டும்.

கீவேர்ட்ஸ்[டிஏ] வரியில் அரைப்புள்ளி போட்டுப் பிரியுங்கள், கடைசியிலும் ஓர் அரைப்புள்ளி. தமிழ், ஆங்கிலம் இரண்டையும் அந்த ஒரே வரியில் போடுங்கள். தமிழ் வரி இருந்தால் ஆங்கில வரியை அது படிக்காது. எக்ஸெக் வரியில் இருக்கும் கட்டளைப்பெயர் மட்டும் எந்த மொழியிலும் அகப்படும். அதனால்தான் "கோப்புகள்" என்று பெயர் மாறிய பிறகும் நாட்டிலஸ் என்று அடித்தால் வருகிறது.

முத்தியால்பேட்டை | 6 பிப்ரவரி, காலை 8.20

தேடல் பேச்சு வந்ததால். ஒலிபெயர்த்துப் பெயர் வைப்பவர்கள் ஒரு தடவை யோசியுங்கள். "ஃபயர்பாக்ஸ்" என்றால் அகரவரிசையில் ஆய்தம் க-வுக்கு முன்னால் போய் நிற்கும். ப-வில் தேடுகிறவர் கண்ணில் படாது. "பயர்பாக்ஸ்" என்றால் ப-வில் இருக்கும். இரண்டு நிரலுக்கு இரண்டு விதமாக வைத்தால் பட்டியல் கந்தல்.

"காலண்டர்", "கால்குலேட்டர்", "கால்க்" மூன்றும் ஒரே மெனுவில் இருந்தால் மூன்றுக்கும் முகம் ஒன்று. நாட்காட்டி, கணிப்பான், கணக்கு அட்டவணை என்று வைத்தால் முதல் ஒன்று பிரிந்துவிடும். கணிப்பானும் கணக்கும் இன்னும் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதனால் 4-ஆம் தேதி நான் சொன்ன "கணக்கு அட்டவணை"யை வாபஸ் வாங்குகிறேன். "அட்டவணை – கால்க்" போதும்.

நெல்லிக்குப்பம் | 6 பிப்ரவரி, காலை 10.00

என்னிடம் ஒரு கோப்பில் பெயர் முழுக்க ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்து குப்பையாக வருகிறது. அச்சகத்தில் அடித்து வாங்கிய பட்டியலிலிருந்து ஒட்டியது.

முத்தியால்பேட்டை | 6 பிப்ரவரி, காலை 10.08

பாமினி. அது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் மாட்டிவிட்ட எழுத்துரு. மெனுவில் அந்த எழுத்துரு இல்லை, வேஷம் கலைந்துவிட்டது. கோப்பு யூடிஎஃப்-8, எழுத்து யூனிகோட், வேறு வழியில்லை. மாற்றியில் போட்டு எடுங்கள்.

மாற்றிய பிறகும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். தட்டச்சுப் பழக்கத்தில் காலுக்குப் பதில் ர போட்டவர்கள் நிறைய. "தொகுப்பு" என்பது "தெரகுப்பு" என்று கிடக்கும், சின்ன எழுத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், தேடினால் வராது. ஔ-வுக்குப் பதில் ஒ-வும் ள-வும் தனித்தனியாக அடிப்பதும் அதே ஜாதி. "ஸ்ரீ" என்பதை ஸ வைத்தும் எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம், திரையில் ஒரே உருவம்.

லாஸ்பேட்டை | 6 பிப்ரவரி, மதியம் 3.30

பெயரின் நீளத்தை எழுத்து எண்ணி அளக்கிறவர்களுக்கு. "கோப்புகள்" என்று நாம் வாசிப்பது ஐந்து எழுத்து: கோ, ப், பு, க, ள். யூனிகோடில் ஒன்பது குறியீடு. யூடிஎஃப்-8 கோப்பில் 27 பைட். பெயர் இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று பைட் கணக்கில் வெட்டும் நிரல் எங்கே வெட்டும் என்று சொல்ல முடியாது. குறியீட்டு நடுவில் வெட்டினால் கேள்விக்குறிப் பெட்டி. குறியீட்டு எல்லையில் வெட்டினாலும் ப்-இன் புள்ளி கழன்று வேறு சொல்லாகிவிடும். ஜிடிகே நிரலகத்தில் எழுதிய மெனுக்களில் இந்தப் பயம் இல்லை, அதற்கு எழுத்தை அடுக்கித் தருகிற பாங்கோ முழு எழுத்தாகத்தான் வெட்டுகிறது. கையால் எழுதிய சிறு மெனு நிரல்களில் உண்டு.

அளக்க வேண்டியது பிக்சல் அகலம். பாங்கோ-வியூ என்ற கட்டளைக்கு எழுத்துருவையும் அளவையும் பெயரையும் கொடுத்துப் படமாக எடுங்கள். படத்தின் அகலத்திலிருந்து ஓரவெளியைக் கழித்தால் பெயரின் அகலம்.

முத்தியால்பேட்டை | 7 பிப்ரவரி, காலை 7.55

பாண்டியில் பிரெஞ்சு அமர்வு வைத்திருக்கிற ஒருவர், தன் மெனுவுக்கும் இதே வழி உதவுமா என்று தனிச்செய்தியில் கேட்டதற்கு இங்கேயே பதில்.

பிரெஞ்சில் நிலைமை தலைகீழ். ஆவணக் காட்டி "விசியோனர் த டோக்குமான்", படக் காட்டி "விசியோனர் திமாழ்". வலப்பக்கம் வெட்டினால் இரண்டும் "விசியோனர்…". பாண்டியில் வீதிப்பெயர் எழுதிய நீலப் பலகையைப் பாருங்கள். பிரெஞ்சில் "ரூ ரொமேன் ரோலான்", தமிழில் "ரோமன் ரோலண்ட் வீதி". பலகையின் வலப்பாதியைக் கையால் மறைத்தால் பிரெஞ்சில் ரூ மிஞ்சும், தமிழில் ரோமன் மிஞ்சும். எல்லா வீதிக்கும் ரூ உண்டு. வலப்பக்கம் வெட்டுகிற மெனுவுக்குத் தமிழின் சொல்லடுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. அதன் முன்னால் நிரலின் பெயரைக் கொண்டுபோய் நிறுத்தி நாம்தான் கெடுக்கிறோம்.

அவருக்கு வழி: லேங்குவேஜ் என்ற சூழல் மாறியில் டிஏ, எஃப்ஆர், ஈஎன் என்று முக்காற்புள்ளி போட்டு வரிசையாகக் கொடுத்தால், ஜிலிப் என்ற நிரலகத்தின் வழியே டெஸ்க்டாப் கோப்பைப் படிக்கிற மெனுக்கள் தமிழ் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் பிரெஞ்சு என்று எடுக்கும். நோம், எக்ஸ்எஃப்சிஇ இரண்டிலும் சரி.

மஞ்சக்குப்பம் மையம் | 7 பிப்ரவரி, மாலை 5.15

11 பாயிண்ட் வைத்தேன். ஒரு தீமில் கீழ்வால் வெட்டுப்படுகிறது. "குறிப்பு" என்பதில் உகர வால் பாதி இல்லை.

முத்தியால்பேட்டை | 7 பிப்ரவரி, மாலை 5.50

தீமில் மெனு வரியின் உயரத்தைப் பிக்சலில் கட்டி வைத்திருப்பார்கள், ஆங்கிலத்துக்கு அளந்து. தீமை மாற்றுவது சுலபம். மாற்ற மனமில்லாவிட்டால் எந்தத் தமிழ் எழுத்துரு எடுக்கிறது என்று பாருங்கள்: எஃப்சி-மேட்ச் கட்டளைக்கு மொழி டிஏ என்று கொடுத்தால் சொல்லும். நோட்டோ சான்ஸ் தமிழ் வந்தால், அதிலேயே யூஐ என்று முடிகிற இன்னொரு வடிவம் உண்டு. மேல்கீழ் இடத்தை இறுக்கி மெனுவுக்கென்றே செய்தது. அதைப் போட்டு எஃப்சி-கேஷ் ஓட்டுங்கள்.

தோற்றம் பகுதியில் எழுத்துரு தாவலில் ஹின்டிங்கை (எழுத்தைப் பிக்சல் கட்டத்தில் பொருத்துவது) "லேசாக" என்று வையுங்கள். "முழுமையாக" வைத்தால் நேர்கோடுகள் கூர்மையாகும், சுழிகள் நசுங்கும்.

நெல்லிக்குப்பம் | 8 பிப்ரவரி, காலை 9.30

விண்டோஸ் வைத்திருக்கிறவர்களைக் கைவிட்டுவிட்டீர்களே அண்ணே.

முத்தியால்பேட்டை | 8 பிப்ரவரி, காலை 9.48

அங்கே ஸ்டார்ட் மெனுவில் இருப்பது குறுக்குவழிக் கோப்புகள்தான். எல்லாருக்கும் பொதுவானவை புரோகிராம்டேட்டாவுக்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஸ்டார்ட் மெனு, புரோகிராம்ஸ் என்ற அடைவில் இருக்கும். நிர்வாகி அனுமதியோடு பெயர் மாற்றினால் போதும். நிரலைப் புதுப்பித்தால் பழைய பெயரில் இன்னொன்று முளைக்கலாம். எக்ஸ்பியில் தமிழுக்கு லதா, எட்டிலிருந்து நிர்மலா யூஐ. இரண்டாவது மெனுவுக்கு எவ்வளவோ மேல்.

மஞ்சக்குப்பம் மையம் | 10 பிப்ரவரி, காலை 10.40

இப்போது இருக்கிற பட்டியல்: மனு, கடிதம் – ரைட்டர். அட்டவணை – கால்க். படவில்லை – இம்ப்ரெஸ். இணையம் – பயர்பாக்ஸ். இணையம் – குரோமியம். ஆவணக் காட்டி. கணிப்பான். 11 பாயிண்ட், யூஐ எழுத்துரு, மெனு ஒடுக்கமாகவே இருக்கிறது. உலாவி இரண்டும் வெட்டுப்பட்டால் மறுபடி "இணையம்…", "இணையம்…" ஆகிவிடுகிறது. லிப்ரெஓபிஸில் மீதி இரண்டான பேஸும் (தரவுத்தளம்) மேத்தும் (சூத்திரம் எழுதுவது) யாரும் தொடுவதில்லை, எடுத்துவிடலாமா?

முத்தியால்பேட்டை | 10 பிப்ரவரி, காலை 11.02

உலாவியில் மட்டும் விதியைத் திருப்பிப் போடுங்கள்: "பயர்பாக்ஸ் இணையம்", "குரோமியம் இணையம்". வேலை ஒன்றாகவும் பெயர் வேறாகவும் இருக்கிற இடத்தில் பெயர்தான் முன்னால் வர வேண்டும். நான் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டியது.

பேஸ், மேத் இரண்டுக்கும் நகலில் நோடிஸ்ப்ளே=ட்ரூ. ஹிடன் போடாதீர்கள். ஹிடன் என்றால் நிரலே அழிந்துவிட்டது என்று அர்த்தம், யாராவது பேஸ் கோப்பைக் கொண்டுவந்து சொடுக்கினால் திறக்க ஆளிருக்காது. நோடிஸ்ப்ளே மெனுவிலிருந்து மட்டும் மறைக்கும்.

மஞ்சக்குப்பம் மையம் | 10 பிப்ரவரி, காலை 11.30

இரண்டும் மறைந்தன. உலாவி பிரிந்துவிட்டது. மெனுவில் உருட்டுப்பட்டையும் போய்விட்டது.